கல்லாப் பக்கம் நிறுத்தப்பட்டவன்

மட்டாஞ்சேரி, பஜார் ரோடு
3 பிப்ரவரி 2025

ஒச்சப்பனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனமில்லை. ஒரு வாரமாக உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. தேவராவில் உங்கள் நண்பர் முத்துவேலின் அறையில் இருக்கிறீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஒரு பஸ் பிடித்து நேரில் வந்து கத்தியிருப்பேன். கட்டட வேலைக்காரர்கள் பத்துப் பேர் படுக்கிற அறையில் நின்று கத்த வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை பட்டப்பகலில் ஏப்ரனைக் கழற்றி மாவு மேசைமேல் போட்டுவிட்டு இறங்கி நடந்தீர்களாம். யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. போர்மாவில், அதுதான் ரொட்டி சுடுகிற கூடத்தில், அடுப்புக்குள் இருந்த பன் அத்தனையும் கருகி, புகை தெருவரைக்கும் வந்ததாம். உங்கள் முதலாளி கோவிந்த் ஷேணாய் எனக்குப் போன் செய்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஜெயலக்ஷ்மி, உங்க ஆளுங்க இனி ஒருத்தரும் வேண்டாம். நான் நடத்தறது பேக்கரி, தர்மசாலை இல்ல."

உங்களுக்கு இது ஒரு வேலை போன கதை. எனக்கு ஒரு கதவு போன கதை. ஜெயிலிலிருந்து வெளியே வந்தவருக்கு வேலை கேட்டு நான் ஒரு கடைக்குள் போனால் முதலில் நாற்காலி போடுவார்கள். விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு உள்ளே அவசர வேலை வந்துவிடும். நாற்காலியும் நானும் மட்டும் மிச்சம். பதினோரு வருடமாக இப்படித்தான். எங்கள் டிரஸ்ட் பெயரைச் சொன்னதும் சரி என்று சொன்னவர்கள் இந்த மட்டாஞ்சேரியில் மூன்றே பேர். அதில் ஷேணாய் ஒருவர்.

அப்புவை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெயிலில் சப்பாத்தி அடுப்பில் உங்களோடு நான்கு வருடம் நின்றவர். இந்த மாதம் இருபதாம் தேதி வெளியே வருகிறார். உங்கள் பக்கத்து மேசை அவருக்கு என்று ஷேணாய் ஒத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது மனிதர், வீட்டில் யாரும் சேர்க்கவில்லை. அவரிடம் நான் என்ன சொல்லட்டும்? உங்கள் நண்பருக்கு ஒரு நாள் மூடு சரியில்லை என்றா?

நீங்கள் உள்ளே இருந்தபோது மாதம் ஒரு கடிதம் எழுதினேன் உங்களுக்கு. வேலை கிடைப்பது பாதி, அதில் நிற்பது மீதி என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்? ஏழு மாதம் நின்றீர்கள். பிறகு ஓடிவிட்டீர்கள்.

காரணம் என்ன என்று எழுதுங்கள். மலையாளத்தில் எழுத முடிந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன். என் தமிழுக்கு இவ்வளவுதான் பலம்.

ஜெயலக்ஷ்மி


தேவரா
8 பிப்ரவரி 2025

ஜெயலக்ஷ்மி மேடத்துக்கு,

அக்கா என்று எழுதிப் பழகிய கை. இந்தத் தடவை அந்த வார்த்தை வரவில்லை.

போனை நான்தான் அணைத்தேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. அதனால் முழுசாக வாசியுங்கள்.

பன் கருகியதற்கு வருத்தம் உண்டு. அது என் கையால் பிசைந்த மாவு. மற்ற எதற்கும் வருத்தம் இல்லை.

டிசம்பரில் உங்கள் ஆபீஸிலிருந்து ரோஹன் கேமராவோடு வந்தான். "ஒச்சப்பேட்டா, ஆபீஸ் ஃபைலுக்கு ஒரு சின்ன வீடியோ" என்றான். பிளம் கேக்கைக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். சிரிக்கச் சொன்னான். சரியாக வரவில்லை, இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்றான். நான்கு தடவை சிரித்தேன். உங்கள் டிரஸ்ட் பையன் ஆயிற்றே, சொன்னதைச் செய்தேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் அது ஊர் முழுக்கப் போனில் ஓடியது. போர்மாவில் கூட வேலை செய்த ஒருவன் மேலே எழுதியிருந்ததை எனக்கு வாசித்துச் சொன்னான். "கொன்ற கைகள் கேக் செய்கின்றன." மேடம், இதை எழுதினது யார்? நீங்களா, ரோஹனா? எழுதும்போது சாயா குடித்துக்கொண்டு எழுதினீர்களா?

அதுவரைக்கும் அந்தப் போர்மாவில் நான் ஜெயிலுக்குப் போனவன் என்று ஷேணாய் சாருக்கு மட்டும்தான் தெரியும். கூட இருந்த ஐந்து பேருக்கும் நான் ஒச்சப்பேட்டன், அண்ணன். எனக்கு முன்னால் யாரும் ரொட்டி மாவைத் தொடமாட்டார்கள். ஈஸ்ட் பொங்கியது போதுமா என்று என்னைக் கேட்டுத்தான் தட்டில் வைப்பார்கள். வீடியோ வந்த மறுநாள் காலையில் என் மேசையில் கேக் வெட்டும் கத்தி இல்லை. கத்தி மட்டும் இடம் மாறியிருந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கத்தி வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

வீடியோ பார்த்து வந்த கூட்டம் ஷேணாய் சாருக்குப் பிடித்துப்போனது. என் படத்தைப் பெரிதாக அடித்துக் கடை வாசலில் வைத்தார். அடுப்பு வேலையின் நடுவில் கூப்பிடுவார். "ஒச்சப்பா, ஒண்ணு வெளியில வா. ஆளு வந்திருக்கு." கையில் மாவோடு போய்க் கல்லாப் பக்கம் நிற்பேன். என்னோடு படம் எடுப்பார்கள். ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆளைக் கண்டா தோணில்ல" என்றார். பார்த்தால் தோன்றாதாம். அவருக்கு ஏமாற்றம்.

ஏழு வருடம் உள்ளே இருந்தேன். அங்கே யாரும் என்னை வேடிக்கை பார்க்க வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நடந்தது வேறு. அதை எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
12 பிப்ரவரி 2025

ஒச்சப்பனுக்கு,

முழுசாக வாசித்தேன். இரண்டு தடவை. இப்போது நீங்கள் வாசியுங்கள்.

அந்தத் தலைப்பு ரோஹன் எழுதியது. நான் பார்த்துச் சரி என்றேன். ஆகவே என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதும்போது என் கையில் சாயா இல்லை, ஆபீஸ் வாடகைக்கு நோட்டீஸ் இருந்தது. இந்த இஞ்சி கோடவுனின் மாடியில் இரண்டு அறை. இதுவும் போனால் ஜெயில் வாசலில் இறங்குகிறவர்கள் முதல் நாள் தங்க இந்த ஊரில் ஓர் இடம் கிடையாது. யாராவது உதவ வேண்டுமென்றால் அவர்கள் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. "முன்னாள் கைதிகள்" என்று சொன்னால் எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒச்சப்பன் என்று ஒருவர் கேக்கோடு நின்றால் பார்க்கிறார்கள். அந்த வீடியோவுக்குப் பிறகு நான்கு முதலாளிகள் தாங்களாகவே என்னைக் கூப்பிட்டார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவை அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அதை எண்ணிப் பார்த்தீர்களா?

உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. படம் எடுக்கவும் வெளியிடவும் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் என் ஃபைலில் இருக்கிறது. டிசம்பர் பதினெட்டு. உங்கள் கையெழுத்துத்தான். குழந்தையைப் போல "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இதை டிரஸ்டில் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கு வெங்கிட்டு என்று ஒரு தம்பி இருந்தான். லாப் டெக்னீஷியன். ஒரு வழக்கில் பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்த பிறகு எர்ணாகுளத்தில் அவன் ஏறி இறங்காத லாப் இல்லை. எல்லாரும் அன்பாகப் பேசினார்கள், யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டான். ஒரு நாள் ரேஷன் கடைக்கு என்று போனவன் திரும்பவில்லை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறான், இருக்கிறானா, தெரியாது. அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அவனுக்கு ஒரு கடை வாசலில் நிற்க இடம் கிடைத்திருந்தால் நின்றிருப்பான். நான்கு தடவை என்ன, நாற்பது தடவை சிரித்திருப்பான்.

அப்பு வெளியே வர எட்டு நாள் இருக்கிறது. ஷேணாயிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். நானும் கூட வருகிறேன்.

ஜெயலக்ஷ்மி


தேவரா
17 பிப்ரவரி 2025

மேடம்,

உங்கள் தம்பியின் படத்தை நீங்கள் ஏன் போடவில்லை?

அதைப் போட்டிருந்தால் இன்னும் நிறையப் பேர் கூப்பிட்டிருப்பார்களே. "வேலை கிடைக்காமல் ஓடிப்போன கைகள்" என்று மேலே எழுதியிருக்கலாமே. பதினோரு வருடமாக டிரஸ்டில்கூட ஒருவரிடமும் சொல்லவில்லை என்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை? வலிக்கும், அதனால். என்னுடையது வலிக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கையெழுத்து என்னுடையதுதான். அந்தத் தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பஸ் போர்டில் இரண்டு எழுத்துப் பார்த்து ஏறுவேன், அவ்வளவுதான். இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் எனக்குக் கஷ்டப்பட்டுத் தமிழில் கடிதம் எழுதினது நீங்கள்தானே. சம்மதம் வாங்கும்போது மட்டும் எப்படி மறந்தது?

இப்போது திங்கட்கிழமையை எழுதுகிறேன்.

ஜனவரி இருபத்தேழு. பதினோரு மணி இருக்கும். ஷேணாய் சார் கூப்பிட்டார். போய் நின்றேன். வரிசையில் மூன்றாவதாக ஒரு பெண். சாயம்போன பச்சைப் புடவை, விரல் பூராவும் துணிச் சுற்று. இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். முகத்தைப் பார்த்தேன். கோர்ட்டில் மூன்று வருடம் எதிர்ப் பெஞ்சில் பார்த்த முகம். பாக்கியலக்ஷ்மி. நான் கொன்ற மேஸ்திரியின் மனைவி.

ஷேணாய் சாருக்கு அது தெரியாது. "சேச்சி, வீடியோல கண்டதில்லையா, இதுதான் அந்த ஆளு" என்றார்.

அந்த அம்மா, "தெரியும்" என்றது.

பிறகு என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டது. சத்தம் போடவில்லை. "வீடியோல உன் பேரைச் சொன்னாங்க. கடை பேரு, முதலாளி பேரு, வேலை வாங்கிக் குடுத்த அம்மா பேரு எல்லாம் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரை மட்டும் 'ஒரு சண்டையில ஒருத்தர் இறந்துட்டார்'னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. ஏன், செத்தவருக்குப் பேர் இல்லையா?"

நான் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ நல்லா சிரிக்கிற. எம்மகன் போன்ல பார்த்துட்டு ரெண்டு நாளா சாப்பிடல. 'அம்மா, இவன்தானா'ன்னு கேக்குறான். நீ வேலை செய்ய வேணாம்னு நான் சொல்லல. வேலை செய். திங்க வேணும்ல. ஆனா எதுக்கு எங்களுக்குச் சிரிச்சுக் காட்டுற?"

வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழ் முழுசாகப் புரியவில்லை. ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒன்றும் வாங்காமல் போய்விட்டது. நான் உள்ளே வந்து ஏப்ரனைக் கழற்றினேன். மீதியை ஷேணாய் சார் சொல்லிவிட்டார்.

அவர் பெயர் பாண்டித்துரை. நாற்பத்தொரு வயது. 2017இல் ஒரு கட்டட வேலையில் சாரம் சரிந்து ஒருவன் விழுந்தான். இன்ஜினீயர் வரட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார் பாண்டித்துரை. அவருக்கு அவர் பயம். எனக்கு ஆத்திரம். கையில் இருந்த மண்வெட்டியால் அடித்தேன். ஒரே அடி. விழுந்தவன் பிழைத்துக்கொண்டான், பாண்டித்துரை செத்தார். நியாயம் என் பக்கம் இருந்தது என்று முதல் இரண்டு வருடம் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஷேணாய் சாரிடம் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது இல்லை. அதை நீங்களும் நானும் அந்த வீடியோவில் கேக்கைக் காட்டி மறைத்தோம்.

ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
24 பிப்ரவரி 2025

ஒச்சப்பனுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே என் பக்க நியாயமாக வந்தது. கிழித்தேன்.

செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

வீடியோவை நீக்கச் சொன்னேன். ரோஹன் முகம் சிவந்துவிட்டது. "சேச்சி, டிரஸ்டுக்கு இதுவரை கிடைத்ததில் இதுதான் பெரிசு" என்றான். "நீ அந்த அம்மாவிடம் போய் இதைச் சொல்" என்றேன். நீக்கிவிட்டான். நீக்கி என்ன பிரயோஜனம்? இதற்குள் யார் யாரோ அனுப்பி, வெட்டி, பாட்டுச் சேர்த்து விட்டிருக்கிறார்கள். என் கையை விட்டுப் போய்விட்டது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷேணாய் கடை வாசலில் இருந்த உங்கள் படத்தை நானே போய்க் கழற்றினேன். "நீங்கதானே இதைத் தொடங்கினது? இப்போ நான் குற்றவாளியா?" என்று கத்தினார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் கேட்டது சரி என்பதுதான் எனக்குக் கோபம். திருப்பிக் கத்தினேன். படத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செரளாயியில் இருக்கும் அந்தக் கடையிலிருந்து ஆபீஸ்வரை நடந்தேன்.

மலையாளத் தாள் விஷயத்தில் நீங்கள் எழுதியது சரி. ஃபைலை எடுத்துப் பார்த்தேன். இதுவரை வாங்கிய முப்பத்தெட்டுக் கையெழுத்தில் ஒன்பது பேர் தமிழர்கள், ஆறு பேர் வங்காளிகள். ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

ஆனால் வெங்கிட்டுவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மன்னிக்கவில்லை. அது உண்மை. இருந்தாலும் மன்னிக்கவில்லை.

அப்பு வியாழக்கிழமை வெளியே வந்தார். நான் வாசலில் நின்றேன். முதல் கேள்வி: "ஒச்சப்பன் வரலையா?" வேலை கைவிட்டுப் போனதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஆபீஸில் படுக்கிறார். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து மாடிப்படியைக் கழுவுகிறார். யாரும் கழுவச் சொல்லவில்லை. நேற்று கழுவின படியையே மறுபடி கழுவுகிறார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த நான்கு முதலாளிகளையும் கூப்பிட்டேன். வீடியோ இல்லை என்றதும் இரண்டு பேருக்கு ஆள் தேவைப்படவில்லை. மூன்றாமவர், வருகிறவர் "கேமராவில் பேசுவாரா" என்று கேட்டார். நான்காமவர் போனை எடுக்கவில்லை.

ஜெயலக்ஷ்மி


தேவரா
9 மார்ச் 2025

மேடம்,

தம்பியைப் பற்றி நான் எழுதியதைத் திரும்ப எடுக்க மாட்டேன். எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது இல்லை. அவ்வளவு சொல்ல முடியும்.

இங்கே முத்துவேலோடு கட்டட வேலைக்குத்தான் போனேன். எட்டு நாள். சாரத்தில் என்னால் ஏற முடியவில்லை. கீழே நின்று கலவை போடுகிறேன் என்றால் மண்வெட்டியைத் தொட வேண்டும். ஏழாம் நாள் மேஸ்திரி என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாளோடு நின்றுவிட்டேன். நான் சோம்பேறி என்று முத்துவேலுக்கு நினைப்பு. நினைக்கட்டும்.

எனக்கு ரொட்டி வேலைதான் வேண்டும். மாவு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று தொட்டால் தெரியும். உள்ளே ஏழு வருடத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அதனால் நானே கடை கடையாக ஏறினேன். யார் மூலமும் இல்லை. ஒன்று முடிவு செய்துகொண்டேன், முதலிலேயே முழுசாகச் சொல்லிவிடுவது என்று. ஆறு கடையில் வேண்டாம் என்றார்கள். ஒரு கடையில் பாதியிலேயே கையைக் காட்டினார்கள், வாசலை நோக்கி. அங்கே ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதைத் தூக்கி எறிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஏழாவது, எர்ணாகுளம் பிராட்வேக்குப் பின்னால் ஒரு சந்து. மாயம்மாள் என்று கம்பம் பக்கத்து அம்மா. டீக்கடைகளுக்கு பன், ரொட்டி போட்டுக் கொடுக்கிற சின்ன அடுப்புக்கூடம். நின்றுகொண்டே சொன்னேன். மேஸ்திரி ஒருவரைக் கொன்றேன், பாண்டித்துரை என்று பெயர், ஏழு வருடம், பிறகு ஒரு பேக்கரியில் ஏழு மாதம், அங்கிருந்து சொல்லாமல் ஓடி வந்தேன், அடுப்பில் இருந்தது கருகிவிட்டது.

கொலையைப் பற்றி அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அடுப்புல பன்னை வச்சுட்டா போன?" என்று கேட்டது.

"ஆமா."

"ஆளைக் கொன்னதுக்குக் கோர்ட்டு தண்டனை குடுத்துருச்சு. பன்னைக் கருக்குனதுக்கு யாரு குடுத்தா?" திட்டியது. நன்றாகத் திட்டியது. கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டது. தூரமாகப் போய் உட்காருவேன் என்றேன். "எங்க கூடத்துல தூரம் கிடையாது, பின்வாசல்ல ஒரு குழாய் இருக்கு, அங்க போய் நில்லு, அடுப்பைப் பாத்துக்கன்னு யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போ" என்றது. ஒரு வாரம் பார்க்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. இன்றோடு ஒன்பது நாள். இதுவரை இரண்டு தடவை குழாயடிக்குப் போனேன். மற்றவர்களுக்கு என் விஷயம் தெரியும், நானே சொன்னேன். ஒருவன் என் பக்கத்தில் நிற்பதில்லை. சரி, அது அவன் பாடு. என் மேசையில் கத்தி இருக்கிறது.

அப்புவை அனுப்புங்கள். மாயம்மாளிடம் பேசிவிட்டேன். ஆனால் கேளுங்கள்: அவர் என்ன சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். ரோஹன் வரக் கூடாது. இந்த இடத்தைப் பற்றி ஓர் எழுத்து வெளியே வரக் கூடாது. வந்தால் அடுத்த கடிதம் எழுத மாட்டேன், நேரில் வருவேன்.

ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
2 ஏப்ரல் 2025

ஒச்சப்பனுக்கு,

அப்பு அங்கே சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மாடிப்படி அழுக்காகக் கிடக்கிறது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

பாக்கியலக்ஷ்மி போன வாரம் ஆபீஸுக்கு வந்தார். நான் அவரைத் தேடிப் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை. அவரே விசாரித்து வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வீடியோவை அழிச்சுட்டீங்களாம். எங்க வீட்டுக்காரர் பேரை ஒரு தடவைகூடச் சொல்லாமலே அழிச்சாச்சு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சுவரில் நாங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்தவர்களின் பட்டியல். "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஜெயிலுக்குப் போனவனுக்கெல்லாம் தேடித் தேடி வேலை வாங்கித் தர்றீங்க. நல்லதுதான். அவன் கொன்னதுல தனியா நின்னவளுக்கு யாரு தேடுவா? எட்டு வருஷமா ஐஸ்ல கையை விட்டு இறால் உரிக்கிறேன். விரலை மடக்க முடியல. எனக்குத் தேடுனா உங்க சுவத்துல இடம் இருக்காதோ?"

பதினோரு வருடமாக இந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு நாளும் அந்தக் கேள்வி வரவில்லை. வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என்மேல், டிரஸ்ட்மேல், "எங்கள் விதிமுறையில் விடுதலையானவர்கள் மட்டுமே" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்ட அந்த வாக்கியத்தின்மேல்.

கமிட்டியில் சொன்னேன். ஒருவர், "ஜெயலக்ஷ்மி, எல்லாருக்கும் நாம் செய்ய முடியாது" என்றார். எல்லாருக்கும் என்று நான் கேட்கவில்லை, ஒருவருக்கு என்று கேட்கிறேன் என்று மேசையைத் தட்டிவிட்டேன். சாயா கொட்டியது. கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. டிரஸ்ட் பெயரில் முடியாது என்றால் என் பெயரில் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை பத்து இடம் கேட்டாயிற்று. நாற்பத்து மூன்று வயது, விரல் மடங்காது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. இதில் ஒரு குற்றமும் இல்லாத பெண்ணுக்குக்கூட அதே நாற்காலி, அதே அவசர வேலை.

சம்மதத் தாளை நான்கு மொழியில் மாற்றி எழுதுகிறேன். தமிழை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள். இது கட்டளை இல்லை. கேட்கிறேன்.

ஜெயலக்ஷ்மி


எர்ணாகுளம், பிராட்வே
11 ஏப்ரல் 2025

மேடம்,

தாளைப் பார்த்தேன். ஏழு இடத்தில் அடித்திருக்கிறேன். "மனமுவந்து ஒப்புதல் அளிக்கிறேன்" என்று யாரும் பேசுவதில்லை. "சரி என்கிறேன்" என்று போடுங்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "வேண்டாம் என்றாலும் வேலை தேடித் தருவோம்." இதைப் பெரிய எழுத்தில் அடியுங்கள்.

அப்பு நான்காம் நாளே சண்டை போட்டுவிட்டு நடந்துவிட்டார். ஒருவன் அவரைப் பார்த்து "ஜெயில் பன்" என்று சிரித்தானாம். நான் மாயம்மாளிடம் அடுப்பைச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன். படகுத் துறையில் பிடித்தேன். என்னைத் திட்டினார், நானும் திட்டினேன். அரை மணி நேரம் திட்டிக்கொண்டோம், ஒரு போலீஸ்காரர் வந்து என்ன பிரச்சினை என்று கேட்கிற அளவுக்கு. பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்து மாவு பிசைந்தோம். சிரித்தவனை மாயம்மாள் ஒரு வாரம் தட்டுக் கழுவ வைத்தது. உங்களுக்கு இதை நான் முன்பே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள்.

பாக்கியலக்ஷ்மி கேட்டதை வாசித்தேன். அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை. குழாயடியில் நின்றேன். நான் வெளியே வந்ததும் எனக்கு ஏப்ரன், மேசை, கைக்கு வேலை எல்லாம் ரெடியாக இருந்தது. அதை நான் என் உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் யாரும் கேட்கக் கூடாது. நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று பயம். நல்லது செய்கிற அவசரத்தில் கேட்டுவிடுவீர்கள். கேட்காதீர்கள்.

தேடுங்கள். பத்து இடம் போதாது. எனக்குத் தேடியதைவிட வேகமாகத் தேடுங்கள். ஐஸ் இல்லாத வேலை, விரலை நம்பாத வேலை. நான் இருக்கும் பக்கம் வேண்டாம். நான் சொன்னேன் என்று தெரியவும் வேண்டாம். கிடைத்ததும் எழுதுங்கள். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம். விசாரிப்பு, ஆறுதல், ஒன்றும் வேண்டாம்.

ஒச்சப்பன்


மட்டாஞ்சேரி
19 ஜூலை 2025

ஒச்சப்பனுக்கு,

முப்பத்தொன்றாவது இடம். திருப்பூணித்துறையில் பெண்கள் தங்கும் ஒரு விடுதி. வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சாவிகள் அவர் பொறுப்பில். மகனோடு தங்க ஓர் அறை உண்டு. பாக்கியலக்ஷ்மி முதலில் என்னை நம்பவில்லை, தானே போய் இரண்டு தடவை விசாரித்துவிட்டு வந்துதான் சரி என்றார். படம் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்படின்னா சரி" என்றார்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி சேர்ந்தார். உடனே எழுதவில்லை. இரண்டு வாரம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கிறார்.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜெயலக்ஷ்மி